மேலூர் வட்டார வீட்டுத் தோட்டம்: பூச்செடிகளும் நாட்டுத் தாவரங்களும்

மேலூர், மதுரை மாவட்டத்தின் வடகிழக்கில், மதுரை–திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள நகரம். இதன் சுற்றுவட்டாரத்தில் புதிதாக வீடு கட்டுவோர் தோட்டம் அமைக்கும்போது, எந்தப் பூச்செடிகளை நடுவது, எந்த நாட்டு மரங்களை வளர்ப்பது என்ற தேர்வு அப்பகுதியின் வெயில், மழைப்பருவம், மண், கிடைக்கும் நீர் ஆகிய நான்கையும் சார்ந்துள்ளது. புதிய தோட்டம் நிலைக்குமா என்பது பெரும்பாலும் அதன் முதல் கோடையிலேயே தெரிந்துவிடும். ஐப்பசி மழையில் செழித்து நிற்கும் செடிகளில் பல, பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்தவுடன் கருகிவிடுகின்றன. ஆகவே கோடையைக் குறைந்த நீரில் தாங்கும் நாட்டுத் தாவரங்களைத் தோட்டத்தின் அடித்தளமாகவும், அதிக நீர் கேட்கும் பூச்செடிகளைச் சிறு பகுதியாகவும் அமைப்பது இவ்வட்டாரத்துக்கு ஏற்ற முறையாகும்.

காலநிலையும் நீரும்

மதுரைச் சமவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிடைக்கிறது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இடிமழையும், சித்திரை, வைகாசியில் கோடை மழையும் இடையிடையே பெய்யும். சனவரி முதல் மார்ச்சு வரை மழை மிகக் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தொடுவதும் கடப்பதும் வழக்கம். ஆடி மாதத்துக் காற்று மண்ணின் ஈரத்தை விரைவாக உலர்த்திவிடும்.

மேலூர்ப் பகுதியின் வேளாண்மை பெரியாறு பாசனத்தைச் சார்ந்தது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், வைகை வழியாகப் பேரணைக்கு வந்து, அங்கிருந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் செல்கிறது. இக்கால்வாயில் கள்ளந்திரி வரையுள்ள நிலங்கள் இருபோகப் பாசனமும், அதற்குக் கீழே மேலூர் வரையுள்ள நிலங்கள் ஒருபோகப் பாசனமும் பெறுகின்றன. கால்வாயில் நீர் வந்து கண்மாய்கள் நிரம்பும் மாதங்களில் கிணறுகளிலும் நீர் ஏறும்; அது வடிந்தபின் வரும் கோடையில் வீட்டுத் தோட்டங்கள் ஆழ்துளைக் கிணற்றையோ வாங்கும் தண்ணீரையோ நம்பியே இருக்கின்றன. எனவே செடித் தேர்வில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மே மாதத்தில் அந்த வீட்டில் செடிகளுக்கென எத்தனை குடம் தண்ணீர் மிஞ்சும் என்பதே.

மண்

இவ்வட்டாரத்தில் செம்மண்ணும் செம்மண் கலந்த மணற்பாங்கான நிலமும் பரவலாக உள்ளன. கண்மாய்ப் பாசன நிலங்களில் களிப்பும் வண்டலும் கலந்த மண்ணைக் காணலாம். கருங்கல் பாறைகள் நிறைந்த பகுதி ஆதலால், சில மனைகளில் இரண்டு மூன்று அடி ஆழத்திலேயே பாறையோ சுக்கானோ வந்துவிடும். கட்டுமானம் முடிந்த புதிய மனையில் வேறொரு சிக்கலும் உண்டு. சிமெண்டுக் கழிவும் செங்கல் துண்டுகளும் மேல்மண்ணில் கலந்திருக்கும். இவை மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, இலைகள் வெளிறிப்போகக் காரணமாகின்றன. நடவுக்கு முன் இக்கழிவை அகற்றுவது உரமிடுவதைவிட முக்கியமானது.

மண்ணின் வடிகாலை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்ப வேண்டும். மறுநாளும் நீர் தேங்கி நின்றால் அங்கே மல்லிகை, ஆவாரை போன்றவை வேரழுகிப் போகும். பூவரசு, நீர்க்கடம்பு போன்றவை தாங்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் மண்பரப்பில் வெண்படலம் படிவதும், இலை நுனிகள் கருகுவதும் அதைக் காட்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் மண்ணையும் நீரையும் ஆய்வு செய்துகொள்ளலாம். மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில், யானைமலை ஒத்தக்கடைக்கு அருகில், 1965-இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன.

மூன்று வகைத் தாவரங்கள்

தோட்டத்துக்கு வரும் செடிகளை அவற்றின் தாயகத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

இயல் தாவரங்கள் என்பவை மனிதர் நடாமலேயே இந்நிலப்பகுதியில் தொன்றுதொட்டு வளர்பவை. சரக்கொன்றை, ஆவாரை, வெட்சி, நொச்சி, வெப்பாலை, உசில் ஆகியவை இவ்வகையின.

வந்து நிலைத்த தாவரங்கள் என்பவை வேற்று நாடுகளிலிருந்து வந்து, பரவி ஆக்கிரமிக்காமல் தோட்டத்தோடு நிற்பவை. பூக்கடைகளில் நாள்தோறும் காணப்படும் சம்பங்கியும் துலுக்கச் சாமந்தியும் மெக்சிக்கோவைச் சேர்ந்தவை. காகிதப்பூ தென் அமெரிக்காவையும், நித்தியகல்யாணியும் செம்மயிற்கொன்றையும் மடகாசுகரையும் தாயகமாகக் கொண்டவை. அந்திமந்தாரையும் வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டத்தவை.

ஆக்கிரமிப்புத் தாவரங்கள் என்பவை தோட்டத்தைத் தாண்டிக் காட்டிலும் கண்மாயிலும் பரவி, அங்குள்ள செடிகளை வளரவிடாமல் செய்பவை. சீமைக்கருவேலம், உன்னிச்செடி, ஆகாயத்தாமரை ஆகியவை அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

ஒரு செடிக்குத் தமிழ்ப் பெயர் இருப்பதாலோ, அது கோவிலில் பயன்படுவதாலோ மட்டும் அதை இயல் தாவரம் எனக் கொள்ள முடியாது. அயல்நாட்டுச் செடி என்பதால் மட்டும் ஒதுக்க வேண்டியதும் இல்லை. அது பரவுமா, எவ்வளவு நீர் கேட்கும் என்பவையே தேர்வுக்கு உதவும் கேள்விகள்.

வட்டாரத்தின் இயற்கை மாதிரிகள்

எந்தச் செடி இங்கே நீர் ஊற்றாமல் வாழும் என்பதை அறிய அருகிலுள்ள குன்றுகளையும் கோவில்காடுகளையும் பார்ப்பது பயன் தரும். மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் ஏறத்தாழ 193 எக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இங்கு ஏழு குன்றுகளும், நீர்நிலைகளும், சுனைகளும், தமிழிக் கல்வெட்டும், குடைவரைக் கோவிலும் உள்ளன. இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு மேலூர் வட்டார மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததைத் தொடர்ந்து, 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை இரத்து செய்தது. 2025 மார்ச்சில், அழகர்மலைப் பகுதியை ஒட்டிய திண்டுக்கல் மாவட்டக் காசம்பட்டி வீரகோவில் காடு, மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர் பாரம்பரியத் தலமானது.

இத்தகைய இடங்களின் முட்புதர்க்காடுகள் வெளியாருக்கு வெறும் புதராகத் தோன்றலாம். வறட்சியைத் தாங்கும் உள்ளூர்ச் செடிகளின் விதை இருப்பு அங்கேதான் உள்ளது. எனினும் தோட்டத்துக்காக அங்கிருந்து செடிகளைப் பிடுங்கி வருதல் கூடாது. வேரோடு பெயர்த்த காட்டுச்செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. காட்டுக்கும் அது இழப்பு. வனத்துறை நாற்றங்கால்களிலும் நாட்டு மரக் கன்றுகள் வளர்க்கும் பண்ணைகளிலும் கன்றுகளைப் பெறலாம். சாலையோரத்திலோ வயல்வரப்பிலோ உதிர்ந்த விதைகளும் போதுமானவை.

மரங்கள்

மூன்று முதல் ஐந்து சென்ட் மனையில் ஒன்றிரண்டு மரங்களுக்கே இடம் இருக்கும். அவற்றை மேற்குப் பக்கம் நட்டால் பிற்பகல் வெயிலிலிருந்து வீட்டுச் சுவருக்கு நிழல் கிடைக்கும்.

சரக்கொன்றை: சித்திரையில் இலையுதிர்ந்த கிளைகளில் மஞ்சள் சரங்களாகப் பூக்கும். வேரூன்றியபின் கூடுதல் நீர் வேண்டாம். விதையுறை கடினமானது, வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்தோ, ஓரத்தைத் தேய்த்தோ விதைத்தால் விரைவாக முளைக்கும். நாற்றுப் பண்ணையில் மஞ்சள் கொன்றை என்ற பெயரில் தரப்படும் வேறு மரங்களிலிருந்து இதைப் பிரித்தறிய வேண்டும். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் ஆக்கிரமிப்பு மரமாகப் பரவியுள்ள சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரத்தின் பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். சரக்கொன்றையின் பூச்சரம் கீழ்நோக்கித் தொங்கும். காய் நீண்ட குழல் போல உருண்டிருக்கும்.

மகிழம்: மெதுவாக வளரும் பசுமை மாறா மரம். சிறு பூக்கள் உதிர்ந்து காய்ந்த பின்னும் மணக்கும். அடர்ந்த நிழல் தரும்.

பூவரசு: மஞ்சள் பூக்கள் மாலையில் செந்நிறமாக மாறும். உப்பு நீரையும் தாங்கும். போத்து நட்டாலே வளரும்.

வெப்பாலை: பாறைப்பாங்கான, மண் ஆழம் குறைந்த மனைக்கு ஏற்ற சிறு மரம். கோடையில் வெண்ணிறப் பூக்கள் பூக்கும்.

புங்கம்: பங்குனியில் புதுத்தளிர் விட்டு, வெயில் மிகும் காலத்தில் குளிர்ந்த நிழல் தரும். பூக்களைத் தேனீக்கள் நாடும்.

கடம்பம்: மதுரைக்குக் கடம்பவனம் என்ற பெயரும் உண்டு, மீனாட்சியம்மன் கோவிலின் தலமரமும் கடம்பமே. இதனால் பலர் இதை நட விரும்புகின்றனர். கடம்ப வகைகள் ஈரம் நிலைக்கும் இடங்களில் வளர்பவை. கண்மாய், வாய்க்கால் அருகிலுள்ள மனைகளில் நடலாம். மேட்டுச் செம்மண்ணில் கோடைதோறும் நீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

ஆல், அரசு போன்றவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி நடுவதைத் தவிர்க்க வேண்டும். அவற்றின் வேர்கள் அடித்தளத்தையும் கழிவுநீர்க் குழாயையும் பெயர்த்துவிடும்.

புதர்ச்செடிகள்

தோட்டத்தின் பெரும்பகுதி நிறத்தைத் தருபவை புதர்ச்செடிகளே. ஆவாரை ஆண்டின் பல மாதங்களில் மஞ்சள் நிறமாகப் பூக்கும். மழைக்கு முன் நேரடியாக விதைக்கலாம். தென் மாவட்டங்களில் பல ஊர்களில் பொங்கலையொட்டி, ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் வேப்பிலையுடன் சேர்த்துக் காப்புக் கட்டுவர். வெட்சி எனப்படும் இட்லிப்பூ, தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்டது. சுண்ணாம்புத்தன்மை மிகுந்த மண்ணில் அதன் இலை மஞ்சளாகும் என்பதால் கட்டடக் கழிவு இல்லாத இடத்தில் நட வேண்டும். நந்தியாவட்டை அரைநிழலிலும் பூக்கும். பவளமல்லி மழைக்காலத்தில் இரவில் மலர்ந்து விடியலில் உதிரும்; படுக்கையறைச் சாளரத்துக்கு அருகில் நட ஏற்றது. கனகாம்பரமும் டிசம்பர் பூவும் மதிலோர அரைநிழலுக்குப் பொருந்தும். இரண்டையும் தொடுத்துச் சூடலாம்.

கம்பிவேலிக்கு மாற்றாக உயிர்வேலி அமைப்போர் கிளுவை, நொச்சி, ஆடாதோடை, மருதாணி ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றனர். கிளுவை, நொச்சி, ஆடாதோடை மூன்றும் குச்சி நட்டு வளர்க்கப்படுபவை. ஆடாதோடையையும் நொச்சியையும் ஆடுமாடுகள் எளிதில் மேய்வதில்லை என்பதால், கால்நடை நடமாட்டம் மிகுந்த ஊர்ப்புறத்துக்கு இவை ஏற்றவை.

கொடிகளும் சிறுசெடிகளும்

முல்லை, காட்டுமல்லி, சங்குப்பூ ஆகியவை பந்தலிலும் வேலியிலும் ஏறும். சங்குப்பூ விதைத்த ஓரிரு மாதங்களிலேயே பூக்கும். பயறுக் குடும்பத்தைச் சேர்ந்ததால் மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், மழைக்காலத்தில் கிழங்கிலிருந்து துளிர்த்துப் பூத்துக் கோடையில் தண்டு காய்ந்துவிடும். செடி இறந்துவிட்டது என்று கருதி அவ்விடத்தைக் கொத்திவிடுதல் கூடாது.

தரையோரத்துக்குத் துளசி, தும்பை, மரிக்கொழுந்து ஆகியவை உகந்தவை. தும்பை களையாகவே முளைக்கும். அதில் ஒரு பகுதியை விட்டுவைத்தால் தேனீக்கள் வரும்.

மதுரை மல்லி

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தடித்த இதழ்களும் நீண்டு நிற்கும் மணமும் இதன் சிறப்புகள். இது நாட்டின் பழமையான மலராக இருப்பினும், வறட்சியைத் தாங்கும் செடி அன்று. முழு வெயிலும், வடிகால் உள்ள செம்மண்ணும், ஒழுங்கான நீரும் இதற்குத் தேவை. எனவே வீட்டுத் தோட்டத்தில் நான்கைந்து செடிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பகுதியில் உற்பத்தியாகும் பதியன்கள் பல ஊர்களுக்கும் அனுப்பப்படுகின்றன. செடிக்குச் செடி நான்கடி இடைவெளி விட வேண்டும். நவம்பர் இறுதியில் தரையிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்து, தொழுஉரம் இட்டால், மார்ச்சு முதல் சூலை வரை மிகுதியாகப் பூக்கும். கவாத்து செய்யாத செடி உயர்ந்து கொடியோடுமே தவிரப் பூ குறைந்துவிடும். மொட்டுப்புழுவும் செஞ்சிலந்தியும் இதைத் தாக்கும். தொடக்கத்திலேயே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதும், பாதித்த மொட்டுகளைப் பறித்து அழிப்பதும் வீட்டளவில் போதுமானவை.

பட்டாம்பூச்சிகளும் பறவைகளும்

பூக்கள் வளர்ந்த பட்டாம்பூச்சிகளுக்குத் தேன் தருகின்றன. புழுக்கள் உண்பதற்குக் குறிப்பிட்ட சில செடிகளின் இலைகளே வேண்டும். எருக்கின் இலையை வெந்தய வரியன் புழுக்கள் உண்கின்றன. எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் ஆகியவற்றில் எலுமிச்சை அழகியின் புழுக்கள் வளர்கின்றன. கொன்றை, ஆவாரை இலைகளை வெளிர்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் தின்கின்றன. கிலுகிலுப்பைச் செடியை நீல வரியன்கள் கூட்டமாக மொய்க்கும். எனவே இச்செடிகளில் இலைகள் கடிபட்டிருப்பதைக் கண்டவுடன் பூச்சிமருந்து தெளிக்கத் தேவையில்லை. வெட்சியையும் செம்பருத்தியையும் தேன்சிட்டுகள் நாடுகின்றன.

தவிர்க்க வேண்டியவையும் கவனம் தேவைப்படுபவையும்

பல நிறப் பூக்களுக்காக விற்கப்படும் உன்னிச்செடியின் பழங்களைப் பறவைகள் தின்று விதைகளைக் குன்றுகளுக்குக் கொண்டு செல்கின்றன. மேலூரைப் போலக் காட்டுப்பகுதிகள் அருகிலுள்ள ஊர்களில் இதை நடாமல் இருப்பது நல்லது. ஆகாயத்தாமரையைத் தொட்டியில் வளர்த்து, பெருகியதும் கண்மாயில் எறிவது நீர்நிலையைக் கெடுக்கும். பரந்த புல்தரைக்குக் கோடையில் ஏறக்குறைய நாள்தோறும் நீர் வேண்டும். அதே நீரில் பல புதர்ச்செடிகளைக் காக்கலாம்.

குழந்தைகளும் கால்நடைகளும் உள்ள வீடுகளில் நச்சுச் செடிகளின் இடத்தைக் கவனிக்க வேண்டும். அரளியின் எல்லாப் பாகங்களும், மஞ்சள் அரளியின் விதையும், செங்காந்தள் கிழங்கும், ஊமத்தங்காயும், குன்றிமணி விதையும் உயிருக்கு ஆபத்தானவை. அரளி உப்பு நீரையும் வறட்சியையும் தாங்குவதால் பலர் நடுகின்றனர். அதன் கிளைகளை வெட்டி மாட்டுத் தீவனத்தின் அருகே போடுதல் கூடாது, எரிக்கவும் கூடாது.

நடவும் முதல் ஆண்டுப் பராமரிப்பும்

ஆடிக் காற்று தணிந்தபின், ஆவணி இறுதி முதல் ஐப்பசி வரை நடவுக்கு உகந்த காலம். அப்போது நட்டால் வடகிழக்குப் பருவமழை முழுவதும் வேர் இறங்குவதற்குக் கிடைக்கும். தை, மாசியில் நடப்படும் கன்று வேரூன்றுவதற்குள் கோடை வந்துவிடுகிறது.

மரக்கன்றுக்கு இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, மேல்மண்ணுடன் மக்கிய தொழுஉரமும் சிறிது வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். உரிய அனுமதியோடு எடுக்கப்பட்ட கண்மாய்க் கரம்பை, மணற்பாங்கான மண்ணின் ஈரம் காக்கும் திறனைக் கூட்டும். நெகிழிப் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் சுருண்டிருக்கும். அத்தகைய கன்று உயரமாகத் தோன்றினாலும் பின்னர் காற்றில் சாயும். குட்டையான இளங்கன்றே மேல்.

செடியைச் சுற்றி நான்கு விரற்கிடை உயரத்துக்குக் காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு, கரும்புச் சோகை ஆகியவற்றால் மூடாக்கு இடலாம். கரும்பு விளையும் மேலூர்ப் பகுதியில் சோகை எளிதில் கிடைக்கும். தண்டைத் தொடாமல் ஓர் அங்குலம் இடைவெளி விட வேண்டும். நாள்தோறும் சிறிது நீர் ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். நட்ட சில வாரங்களுக்குப் பின், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றினால் வேர் கீழே இறங்கும். அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைச் செடியருகே புதைத்து நீர் நிரப்பும் பானைப் பாசனம், குறைந்த நீரில் முதல் கோடையைக் கடக்க உதவும். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பைத் தோட்டத்தின் பக்கம் அமைத்தால் மண்ணின் அடியீரம் கூடும்.

பூக்கும் காலம்

ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று பூத்திருக்கும்படி செடிகளைச் சேர்க்கலாம்.

- சித்திரை, வைகாசி: சரக்கொன்றை, வெப்பாலை, மதுரை மல்லி
- ஆனி, ஆடி: மதுரை மல்லி, முல்லை, மகிழம்
- ஆவணி, புரட்டாசி: பவளமல்லி, சங்குப்பூ
- ஐப்பசி, கார்த்திகை: செங்காந்தள், பவளமல்லி, தும்பை
- மார்கழி, தை: டிசம்பர் பூ, ஆவாரை, பூளை
- மாசி, பங்குனி: கனகாம்பரம், புங்கம், வேம்பு
- பெரும்பாலான மாதங்களில்: செம்பருத்தி, நந்தியாவட்டை, வெட்சி, பூவரசு

சிறு மனைக்கான அமைப்பு

மூன்று சென்ட் மனையில் வீடு போக மிஞ்சும் இடத்துக்கு, மேற்கில் ஒரு சரக்கொன்றை அல்லது மகிழம், வேலியில் நொச்சியும் ஆடாதோடையும், வாசலருகே நந்தியாவட்டையும் வெட்சியும், சாளரத்தருகே பவளமல்லி, வெயில் படும் மூலையில் நான்கு மல்லிகை, பந்தலில் முல்லையும் சங்குப்பூவும், சமையலறை நீர் செல்லும் இடத்தில் கறிவேப்பிலை என்ற அமைப்பு போதுமானது. இதில் ஒழுங்காக நீர் கேட்பவை மல்லிகையும், ஓரளவு வெட்சியும் கறிவேப்பிலையுமே. மற்றவை இரண்டாம் கோடையிலிருந்து வாரம் ஒருமுறை ஊற்றும் நீரிலோ, அதுவும் இன்றியோ நிலைத்து நிற்கும்.